விதை நெல்லும் காணிப்பாக்கத்துச் சத்தியமும்

திருப்பதி போய்த் திரும்பும் வழியில் காணிப்பாக்கத்தில் இறங்கி வரசித்தி விநாயகரைத் தரிசித்த அன்பர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பாகுதா நதிக்கரை. கிணற்றுக்குள்ளிருந்து எழுந்த சுயம்பு மூர்த்தி. தலபுராணமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கண் தெரியாத ஒருவர், காது கேளாத ஒருவர், பேச்சு வராத ஒருவர் என்று மூன்று சகோதரர்கள் சேர்ந்து ஒரு துண்டு நிலத்தைப் பயிர் செய்து வந்தார்கள். வறண்ட கிணற்றைத் தோண்டும்போது மண்வெட்டி கல்லில் பட்டு ரத்தம் பெருகியது. மூவர் குறையும் அந்தக் கணமே நீங்கியது. ஊரார் உடைத்த தேங்காய்களின் தண்ணீர் ஒரு காணி நிலத்துக்குப் பாய்ந்ததால் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

அந்த ஊருக்கு இன்னொரு பிரசித்தியும் உண்டு. அதுதான் சத்தியம். தெலுங்கில் ‘பிரமாணம்’ என்பார்கள். கொடுத்த கடன், அடித்த பொய், அண்ணன் தம்பி பாகம் என்று எந்த வழக்கானாலும் கோயில் குளத்தில் முழுகி ஈரத் துணியோடு சந்நிதியில் நின்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்பவன்கூட அங்கே வரத் தயங்குவான். என் பெரியப்பா மகன் ஒரு விதைக்கடைக்காரரை இந்தச் சத்தியத்துக்கு அழைத்த கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அதை எழுதத் தூண்டியவள் என் பேத்தி. பிளஸ் டூ படிக்கிறாள். கோதுமையில் ஆண் மலட்டுத்தன்மை, வளம் மீட்கும் மரபணு என்று ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு, “தாத்தா, மலட்டுச் செடியிலிருந்து எப்படி அதிக மகசூல் வரும்?” என்று கேட்டாள். நான் ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் காலம் தள்ளிய டிப்ளமாக்காரன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் தெரிந்திருந்தது. எங்கள் குடும்பம் அதற்காகக் கொஞ்சம் விலை கொடுத்திருக்கிறது.

1990களின் பின்பாதி. காட்பாடி – பாகாலா – திருப்பதி பாதையில் மீட்டர் கேஜ் வண்டி ஓடிக்கொண்டிருந்த கடைசி நாட்கள். எனக்கு அந்தப் பக்கம்தான் வேலை. அண்ணனுக்குக் காணிப்பாக்கம் பக்கத்தில் மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம். பரம்பரையாக விதையைக் கடையில் வாங்கியவரே அல்ல. நல்ல கதிராகப் பார்த்துத் தனியாக அடித்து, காய வைத்து, வேப்பிலை போட்டுக் குதிரில் கட்டி வைப்பது பெரியம்மாவின் வேலை. “விதையை விலைக்கு வாங்குகிறவன் வீட்டில் பெண் கொடுக்காதே” என்று பெரியப்பா வேடிக்கையாகச் சொல்வார்.

அந்த வருஷம் கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஒரு ஏக்கருக்கு மட்டும் வீரிய ஒட்டு நெல் விதை வாங்கினார். ஏக்கருக்கு ஆறே கிலோ. விலையோ சாதாரண விதையைப் போல் பல மடங்கு. குத்துக்கு ஒரே நாற்று வைத்து நட்டார். எப்போதும் ஏக்கருக்கு 28 மூட்டை காணும் நிலம் 34 மூட்டை கொடுத்தது. 75 கிலோ மூட்டை. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. களத்திலேயே நல்ல கதிராகப் பொறுக்கி, பெரியம்மா கையால் குதிரில் கட்டி, மறு வருஷம் மூன்று ஏக்கரிலும் அதையே விதைத்துவிட்டார்.

பயிர் பாதி வளர்த்தியிலேயே கோளாறு தெரிந்தது. ஒரு தூர் இடுப்புயரம், பக்கத்துத் தூர் முழங்கால் உயரம். சில கதிர் பழுத்துத் தலை சாய்ந்தபோது சில அப்போதுதான் பூத்துக்கொண்டிருந்தன. அங்கங்கே சில தூர்களில் கதிர் கண்ணாடி இலையை விட்டு முழுசாக வெளியே வராமல் பாதி உறைக்குள்ளேயே நின்றுவிட்டது. உருவிப் பார்த்தால் பெரும்பாலும் பதர். ஏக்கருக்கு 21 மூட்டைதான் தேறியது. அதுவும் பச்சையும் பழுப்பும் கலந்த நெல் என்று வியாபாரி விலையைக் குறைத்தான். அந்த வருஷம் மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு நாள் பார்த்து வைத்திருந்தார் அண்ணன். கல்யாணம் தை மாதத்திலிருந்து ஆவணிக்குப் போயிற்று.

“மலட்டு விதையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் தம்பி. காணிப்பாக்கத்துக்கு வந்து சத்தியம் செய்யச் சொல்லப் போகிறேன். நீயும் வா” என்று ஆள் அனுப்பினார்.

ரயில்வேயில் ஒரு வண்டி தடம் புரண்டால் பாதைக்காரன் வண்டியைப் பழிப்பான், வண்டிக்காரன் பாதையைப் பழிப்பான். கூட்டு விசாரணையில் டேப்பை வைத்து அளந்து பார்க்காமல் யார் வாயையும் நம்பக் கூடாது என்பது எங்களுக்குப் பாலபாடம். திருப்பதி வேளாண்மைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஒருவர் ரயில் சிநேகிதம். அவரிடம் போய்க் கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கக் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். அன்று கேட்டதையும் பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நெல் பூவுக்குள் ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. ஆறு மகரந்தப்பைகள், ஒரு சூலகம். காலை ஒன்பது மணிக்கு மேல் உமி வாய் திறக்கும். கொஞ்ச நேரத்தில் மூடிவிடும். அதற்குள் தன் மகரந்தம் தன் சூல்முடியிலேயே விழுந்து காரியம் முடிந்துவிடும். அதனால்தான் பெரியம்மா குதிரில் கட்டிய நெல் தலைமுறை தலைமுறையாக ஒரே மாதிரி முளைத்தது.

ஆனால் தூரத்து உறவான இரண்டு ரகங்களைக் கலந்தால் முதல் தலைமுறைப் பிள்ளை தாய் தகப்பன் இருவரையும் மிஞ்சி வளரும். இதைத்தான் ஒட்டு வீரியம் என்கிறார்கள். கலப்பது எப்படி? தக்காளியில் கையால் செய்யலாம். மொட்டாக இருக்கும்போதே மகரந்தப்பைகளைச் சாமணத்தால் பிடுங்கிவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைத்தால் ஒரு பழத்தில் நூறு விதைக்கு மேல் கிடைக்கும். கூலி கட்டுப்படியாகும். பருத்தியிலும் அப்படித்தான். 1970இல் குஜராத்தில் சி.டி. பட்டேல் கொண்டுவந்த எச்-4 பருத்தி இந்தக் கை வேலையை நம்பித்தான் உலகின் முதல் வியாபார ஒட்டுப் பருத்தி ஆயிற்று. நெல்லில் ஒரு பூவுக்கு ஒரே ஒரு நெல்மணி. ஒரு ஏக்கர் நடுவதற்கே லட்சக்கணக்கான பூக்களைப் பிடுங்க வேண்டும். யாரால் முடியும்?

ஆகையால் தானாகவே ஆண் தன்மை இல்லாமல் பிறக்கும் ஒரு நெற்செடி வேண்டியிருந்தது. மகரந்தம் மலடு, சூலகம் நலம். இப்படிப்பட்ட செடிதான் மகசூலுக்கு வழி. அதை வயலில் வைத்துப் பக்கத்தில் வேறு ரகத்தை நட்டால், காற்று கொண்டு வரும் அயல் மகரந்தத்தால் மட்டுமே அது காய்க்கும். காய்த்ததெல்லாம் ஒட்டு விதை. என் பேத்தியின் கேள்விக்கு முதல் பாதிப் பதில் இதுதான்.

இப்படி ஒரு செடி முதலில் பிரயோஜனப்பட்டது வெங்காயத்தில். 1925இல் கலிஃபோர்னியாவில் ஹென்றி ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு மலட்டு வெங்காயச் செடியைக் கண்டு அதைக் காப்பாற்றி வளர்த்தார். நெல்லில் அதைத் தேடியவர் சீனாவின் ஹூனான் மாகாணத்தில் ஒரு விவசாயப் பள்ளி வாத்தியார். யுவான் லாங்பிங் என்று பெயர். 1964 முதல் வயல் வயலாகக் கதிரைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு அலைந்தார். நெல் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர், அதில் ஒட்டு வீரியமாவது மண்ணாவது என்று பெரிய ஞானிகள் சொன்ன காலம். 1970 நவம்பரில் சீனாவின் தென்கோடியான ஹைனான் தீவில் அவருடைய உதவியாளர் லீ பீஹூவும் அந்த ஊர்ப் பண்ணையைச் சேர்ந்த ஃபெங் கேஷானும் காட்டு நெல் மண்டிக் கிடந்த இடத்தில் ஒரு மலட்டுச் செடியைக் கண்டார்கள். அந்த ஒரு செடியின் வாரிசுகள்தான் இன்று உலகத்தின் ஒட்டு நெல்லில் பெரும்பகுதிக்குத் தாய்வழிப் பாட்டி. 1973இல் முறை கைகூடி, 1976 முதல் சீனா முழுவதும் பரவியது. யுவான் 2021இல் தொண்ணூறு வயதில் காலமானார்.

அந்த மலட்டுத்தன்மை எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயத்தின் முடிச்சு. உயிரணுவின் உட்கருவில் அல்ல, அதைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தில் மிதக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. நம் கரி எஞ்சினில் நெருப்புப்பெட்டி எப்படியோ அப்படி உயிரணுவுக்குச் சக்தி கொடுக்கும் உறுப்பு அது. அது தாய் வழியாக மட்டுமே பிள்ளைக்குப் போகும். தகப்பன் மகரந்தம் உட்கருவை மட்டும் கொடுக்கும். ஆகவே மலட்டுத் தாய்க்கு எந்த ஆணைக் கட்டி வைத்தாலும் பிள்ளைகளெல்லாம் அந்தக் கோளாறோடுதான் பிறக்கும். 2013இல் சீன விஞ்ஞானிகள் அந்தக் கோளாறான மரபணுவையே அடையாளம் கண்டார்கள். மகரந்தத்துக்குப் பால் கொடுத்து வளர்க்க வேண்டிய உட்சுவரை அது காலத்துக்கு முன்பே அழித்துவிடுகிறது. மகரந்தம் பட்டினியில் சாகிறது.

இப்போது இரண்டு சங்கடம் வருகிறது பாருங்கள். ஒன்று, மகரந்தமே இல்லாத மலட்டு வரிசையை வருஷா வருஷம் எப்படிப் பெருக்குவது? அதற்கு அச்சாக அதே உட்கருவும், ஆனால் நலமான சைட்டோபிளாசமும் உள்ள இரட்டைப் பிறவி ஒன்றைப் பக்கத்தில் நடுவார்கள். அது பராமரிப்பு வரிசை. அதன் மகரந்தம் விழுந்தால் மறுபடி மலட்டு வரிசையே பிறக்கும். இரண்டாவது சங்கடம் இன்னும் பெரிது. மலட்டுத் தாயின் பிள்ளை மலடு என்றால், அந்த விதையை வாங்கி நடும் விவசாயிக்கு நெல் எங்கே கிடைக்கும்? வைக்கோல்தான் கிடைக்கும். வெங்காயத்துக்குக் கவலையில்லை, நாம் கிழங்கைச் சாப்பிடுகிறோம். நெல், கோதுமை, கம்பு, சோளம் எல்லாம் மணிக்காகப் பயிராவது. ஆகவே தகப்பனாக வருகிறவன் அந்தக் கோளாறை அடக்கும் மரபணுவை உட்கருவில் வைத்திருக்க வேண்டும். அதுதான் வளம் மீட்கும் வரிசை. நெல்லில் இதற்கு முக்கியமாக இரண்டு மரபணுக்கள். ஒன்று முதலாவது குரோமோசோமில், மற்றொன்று பத்தாவதில். தாயின் கோளாறு பிள்ளையிடம் அப்படியே இருக்கும், ஆனால் தகப்பன் கொடுத்த மரபணு அதை வாய் திறக்க விடாது.

மலட்டு வரிசை, பராமரிப்பு வரிசை, மீட்பு வரிசை. ஆளுக்கொரு குறையோடு மூவர் சேர்ந்து ஒரு காணியைப் பயிர் செய்வதென்றால் எனக்கு அந்த மூன்று சகோதரர்கள் ஞாபகம் வராமல் இருப்பதில்லை. ஆசிரியரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, “வகுப்பில் சொல்கிறேன்” என்றார்.

ஒரு வேடிக்கை. காட்டு நெல் கோளாறை மீட்கும் தகப்பனைச் சீனர்கள் தங்கள் ரகங்களில் தேடித் தேடிக் களைத்தார்கள். கிடைத்தது பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் என்ற ஊரிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஐ.ஆர்.24, ஐ.ஆர்.26 ரகங்களில். அந்த நிலையத்திலேயே பின்னர் ஒட்டு நெல் வேலைக்குத் தலைமை ஏற்றவர் நம் நாட்டுக்காரரான எஸ்.எஸ். விர்மானி. சீனத்து மலட்டு வரிசைகள் நம் வெயிலுக்கும் பூச்சிக்கும் தாக்குப்பிடிக்கவில்லை. ஐ.ஆர்.58025ஏ, ஐ.ஆர்.62829ஏ என்ற வெப்ப நாட்டு மலட்டு வரிசைகள் அங்கிருந்து வந்தபிறகே நமக்கு வழி திறந்தது. 1989இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் பெரிய அளவில் திட்டம் தொடங்கியது. 1994இல் முதல் ரகங்கள் வெளிவந்தன. ஆந்திராவில் மாருட்டேரு நிலையத்தின் ஏ.பி.எச்.ஆர்.-1, 2, கர்நாடகத்தில் கே.ஆர்.எச்.-1, கோயம்புத்தூரிலிருந்து கோ.ஆர்.எச்.-1. கடைசியானதற்கு எம்.ஜி.ஆர். பெயரையே வைத்தார்கள். பெயர் ராசி மட்டும் போதவில்லை. ஐ.ஆர்.58025ஏ வழி வந்த அரிசியில் லேசான மணமும் ஒட்டும் தன்மையும் இருந்தது. ரசம் சாதம் உதிரி உதிரியாக இருக்க வேண்டும் என்கிற நம் நாக்கு அதை ஏற்கவில்லை. ஒட்டு நெல் பிறகு அதிகமாகப் பரவியது உத்தரப் பிரதேசம், பீகார், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம்.

விதை உற்பத்தியோ பெரும்பாலும் தெலுங்கானாவில் கரீம்நகர், வாரங்கல் வட்டாரத்தில் நடக்கிறது. நண்பர் ஒருவரோடு ஒருமுறை அதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வரிசை ஆண், எட்டு வரிசை பெண் என்று நட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே நாளில் பூக்க வேண்டும் என்பதற்காக நாற்றங்காலிலேயே நாள் கணக்குப் பார்த்து முன்பின்னாக விதைக்கிறார்கள். எங்கள் கிராசிங் ஸ்டேஷனில் இரண்டு வண்டிக்கும் நேரம் பொருத்துவதுபோல. ஒரு வண்டி தாமதமானால் மற்றதை நிறுத்தி வைக்கலாம். பூவை நிறுத்தி வைக்க முடியாது. மலட்டுக் கதிர் இலையுறையை விட்டு முழுக்க வெளிவராது என்பதால் ஜிப்ரலிக் அமிலம் தெளித்து நீள வைக்கிறார்கள். பிறகு வெயில் ஏறியதும் வரப்புக்கு வரப்பு இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பயிரின் தலைமேல் இழுத்துப் போகிறார்கள். ஆண் வரிசையிலிருந்து மஞ்சள் புகைபோல மகரந்தம் எழும்பும். ஐந்து நிமிஷம்கூட உயிர் தரிக்காத தூசி அது. ஒரு காலையில் நாலைந்து தடவை, பத்து நாள். சுற்றிலும் நூறு மீட்டருக்குள் வேறு நெல் பூக்கக் கூடாது. விதை ஏன் அவ்வளவு விலை என்பது அந்தக் கயிற்றைப் பிடித்த பெண்களைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

கோதுமைக்கு வருகிறேன், இல்லாவிட்டால் பேத்தி விட மாட்டாள். அங்கே இந்த முயற்சி நெல்லுக்கும் முந்தியது. 1951இல் ஜப்பானில் கிஹாரா காட்டுப் புல்லின் சைட்டோபிளாசத்தைக் கொண்டு மலட்டுக் கோதுமை உண்டாக்கினார். 1962இல் அமெரிக்காவில் வில்சனும் ராஸும் டிமோஃபீவி என்ற கோதுமை இனத்தின் சைட்டோபிளாசத்தில் நல்ல மலட்டு வரிசை கண்டார்கள். ஜார்ஜியா நாட்டில் விளைந்த இனம் அது. மீட்பு மரபணுவும் அதே டிமோஃபீவியிலேயே கிடைத்தது. இத்தனை இருந்தும் ஒட்டுக் கோதுமை நெல்லைப் போல் பரவவில்லை. கோதுமைக்கு மூன்று ஜோடிக் குடும்பம்போல 42 குரோமோசோம். ஒரு மீட்பு மரபணு போதவில்லை, இரண்டு மூன்றைச் சேர்த்தாலும் குளிர் மாறினால் மகரந்தம் பாதி மலடு. மகரந்தமோ கனம், வீட்டை விட்டு வெளியே போக விரும்பாது. எல்லாவற்றுக்கும் மேலே ஏக்கருக்கு 40 கிலோ விதை வேண்டும். நெல்லுக்கு ஆறு கிலோ போதும் என்று சொன்னேன் அல்லவா, கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஐரோப்பாவில் ரசாயனம் தெளித்து ஆண் தன்மையைக் கெடுத்து ஒட்டு விதை செய்கிறார்கள். அதுவும் கொஞ்சம் நிலத்தில்தான். ஆகவே நீங்கள் இன்று ராத்திரி சுடப்போகும் சப்பாத்தி அநேகமாக ஒட்டுக் கோதுமை அல்ல.

கம்பின் கதையைச் சொல்லாமல் விட்டால் குற்றம். இதுவும் ஒரு ஜார்ஜியாதான், ஆனால் அமெரிக்காவின் ஜார்ஜியா. அங்கே டிஃப்டன் ஊரில் கிளென் பர்ட்டன் உண்டாக்கிய டிஃப்ட் 23ஏ என்ற மலட்டு வரிசையைக் கொண்டு லூதியானாவில் அத்வால் 1965இல் எச்.பி.-1 கம்பை வெளியிட்டார். மகசூல் எகிறியது. 1970-71இல் நாட்டின் கம்பு விளைச்சல் சுமார் 80 லட்சம் டன். அடுத்த வருஷமே அடிச்சாம்பல் நோய் வந்து வாரிக்கொண்டு போயிற்று. வெளியான ரகங்களெல்லாம் பெயரில் வேறு வேறு, தாய் மட்டும் ஒருத்தி. அவளுக்கு நோய் தாங்கும் சக்தி இல்லை. 1970இல் அமெரிக்க மக்காச்சோளத்திலும் இதே விபத்து. டெக்சாஸ் சைட்டோபிளாசம் கொண்ட ஒட்டு ரகங்களை ஒரு பூஞ்சணம் பிடித்து ஏழில் ஒரு பங்கு மகசூல் போயிற்று. அங்கே மலட்டுத்தன்மை தந்த அதே மரபணுதான் நோய்க்கும் கதவு திறந்துவிட்டது. ஒரே வரிசை எண் கொண்ட போல்ட் எல்லாவற்றிலும் ஒரே விரிசல் இருந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி அண்ணன் வயல். முதல் வருஷம் கடையில் வாங்கிய விதையில் ஒவ்வொரு செடியும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்று, மீட்பு மரபணு இரண்டும் தகப்பன் பங்காக ஒரு பிரதி மட்டும். அந்தச் செடிகள் தங்களுக்குள்ளேயே சேர்ந்து காய்த்த நெல்லை விதைத்தால் சீட்டைக் கலைத்துப் போட்டது போலத்தான். பதினாறு செடிக்கு ஒன்பது செடிக்கு இரண்டு மரபணுவும் கிடைக்கும். ஆறுக்கு ஒன்று மட்டும், அவற்றில் பதர் கூடும். ஒன்றுக்கு இரண்டுமே இருக்காது. ஆனால் பாட்டியின் கோளாறு பதினாறு செடியிலும் உண்டு. அடக்க ஆள் இல்லாத செடியில் அது தலைதூக்கும். இலையுறைக்குள் நின்ற கதிர்களின் ரகசியம் அதுதான். உயரமும் பூக்கும் நாளும் இதே மாதிரி கலைந்து போயின. கடைக்காரர் விற்றது நல்ல விதை. கெட்டுப்போனது பெரியம்மாவின் குதிரில். அவள் கைராசியில் குற்றமில்லை.

இதை அண்ணனிடம் சொல்ல நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் குளக்கரைக்கே வந்துவிட்டார்கள். கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிப் படியில் இறங்கி நின்றார். “நான் கொடுத்தது கம்பெனி விதை, சீல் உடைக்காத பை. முழுகிவிட்டே சொல்கிறேன்” என்றார். நான் அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். வெகு நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி வந்து, “விதை நல்லது என்று நீங்கள் சத்தியம் செய்ய வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். மறு வருஷத்துக்கு இந்த நெல்லை விதைக்காதே என்று எனக்குச் சொன்னதாக மட்டும் சத்தியம் செய்யுங்கள்” என்றார்.

கடைக்காரர் முழுகவில்லை. “நீங்கள் கேட்கவில்லையே” என்றார். பையில் அச்சிட்டிருந்தது என்றும் சொன்னார். அச்சிட்டுத்தான் இருந்தது, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். அண்ணன் தெலுங்கு எழுத்துக்கூட்டிப் படிப்பார், தமிழ் நன்றாகப் படிப்பார். இரண்டு பேரும் விநாயகரைக் கும்பிட்டுவிட்டு வேறு வேறு பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள்.

2001இல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விவசாயி தன் விளைச்சலை விதையாக வைத்துக்கொள்ளவும், மாற்றிக்கொள்ளவும், கம்பெனிப் பெயர் போடாமல் விற்கவும் உரிமை கொடுத்திருக்கிறது. நல்ல சட்டம். ஒட்டு நெல்லைப் பொறுத்தவரை அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் எனக்குப் புரியவில்லை. அடுத்த போகத்துக்கு மறுபடி கடைக்குத்தான் போக வேண்டும். மகசூல் ஏறிய ஆறு மூட்டையில் விதை விலையைக் கழித்துப் பார்த்து, லாபம் இருந்தால் வாங்கலாம். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்த முறை காணிப்பாக்கம் போனபோது அண்ணன் வீட்டில் சாப்பிட்டோம். எழுபதைத் தாண்டிவிட்டார். நிலத்தை மகன் பார்க்கிறான். இரண்டரை ஏக்கரில் கடை விதை, சில வருஷம் ஒட்டு ரகம், சில வருஷம் சாதாரணம். கிணற்றடியில் அரை ஏக்கர் மட்டும் அப்பாவுக்கு. அதில் பெரியப்பா காலத்து நெல். புறப்படும்போது என் பேத்தியின் கையில் அண்ணி ஒரு துணிப்பை கொடுத்தாள். பொங்கலுக்கு வைத்துக்கொள் என்றாள். வண்டியில் பேத்தி அதை அவிழ்த்து ஒரு மணியை உரித்துப் பார்த்துவிட்டு, “இது தன் மகரந்தச் சேர்க்கைதானே தாத்தா?” என்றாள்.